யாரும் படி ஏறாத வீடு

அதிபர் வேட்பாளரைக் கட்சிகள் தேர்ந்தெடுக்கும் பிரைமரித் தேர்தலுக்குப் பதினைந்து நாள் இருந்தபோது எங்கள் வாசல் மணியின் கம்பியைக் கத்தரித்தேன். அன்று காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் இடையில் ஓட்டுக் கேட்டு வந்த ஐந்து பேர் அதை அடித்திருந்தார்கள். ஐவரும் நல்ல மனிதர்கள். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைப் படியில் தட்டிவிட்டு நின்றார்கள், தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு பெண் அடுப்பிலிருந்து வந்த கிராம்பு வாசனையைப் பாராட்டினாள். முரடர்களாக இருந்திருந்தால் கதவை அறைந்து சாத்தியிருப்பேன். நல்லவர்களிடம் எனக்கு அது வரவில்லை.

என் கணவர் ஆர்மான் ஊருக்குப் பனி வாரும் லாரி ஓட்டுகிறார். பனி கொட்டும் இரவெல்லாம் சாலையில் இருப்பார். காலை எட்டு மணிக்கு வீடு வந்து, முட்டையும் பீன்ஸும் சாப்பிட்டுவிட்டுப் பகலில் தூங்குவார். அந்த ஜனவரியில் ஒரு புயல் ஓய்வதற்குள் அடுத்தது வந்தது. அவர் தூங்கக் கிடைத்த ஆறு மணி நேரத்தில்தான் நாடு முழுவதும் எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.

கம்பியைக் கத்தரித்துப் பயனில்லை. கதவைத் தட்டினார்கள். தட்டுவதற்கு முன்பே, படியில் முதல் காலடி விழுந்ததுமே, எங்கள் கிழ நாய் நிக்கல் கழுத்தை நீட்டி ஊளையிடும். அதை நிலவறையில் அடைத்துப் பார்த்தேன். வெப்பக் குழாய்களின் வழியாக அதன் ஊளை ஒவ்வோர் அறையிலும் தனித்தனியாகக் கேட்டது. தொலைபேசியைத் துண்டில் சுற்றி ரொட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். கதவில், 'இரவுப் பணி செய்பவர் தூங்குகிறார்' என்று எழுதி ஒட்டினேன். அதைப் படிக்க வேண்டுமென்றால் படியேறித்தான் ஆக வேண்டும். பிறகு அதையே ஒரு பலகையில் எழுதிச் சாலையோரம் நட்டேன். அங்கே ஏற்கனவே எல்லா வேட்பாளர்களின் பெயர்ப்பலகைகளும் பனியில் குத்தி நின்றன. இரண்டே நாளில் என் பலகையும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகிவிட்டது. ஓர் இளைஞன் படியேறி வந்து, "அந்தத் தூக்கப் பலகை எந்தக் கட்சியோடது மேடம்?" என்று உண்மையாகவே கேட்டான்.

நாங்கள் இருவரும் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள். எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எங்களைப் போன்றவர்கள் பிரைமரி அன்று எந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்; வாங்கியதும் அந்தக் கட்சியில் பெயர் பதிவாகிவிடும். ஓட்டுப் போட்டுவிட்டு ஓரமாக இருக்கும் மேசையில் ஓர் அட்டையில் கையெழுத்திட்டால் மறுபடியும் கட்சியில்லாதவர் ஆகிவிடலாம். அதனால் இரண்டு பக்கத்தாரும் எங்களைத் தேடி வருகிறார்கள். போதாததற்கு, யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்டால், "இன்னும் முடிவு பண்ணலை" என்று நான் சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்பவர் பெயருக்கு நேரே ஓர் எண் போட்டு, மறுநாள் இன்னொருவரை அனுப்புகிறார்கள்.

இதற்கு வழி ஒன்று இருப்பதாக என் நாத்தனார் ஒடெட் சொன்னாள். யார் வந்தாலும் அவருடைய வேட்பாளருக்கே என் ஓட்டு என்று சொல்லிவிட வேண்டுமாம்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். அவங்க என்ன, பைபிள் மேல கை வைக்கவா சொல்றாங்க?"

என்னால் முடியவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து குளிரில் வந்து நிற்பவர்கள். நான் சொல்வதை நம்பி எழுதிக்கொண்டு போகிறார்கள். நம்புகிறவரிடம் பொய் சொல்வது நம்பாதவரிடம் பொய் சொல்வதைவிடப் பெரிய பாவம் என்பது என் எண்ணம்.

முதலில் இதெல்லாம் வெறும் எரிச்சலாகத்தான் இருந்தது. தேர்தலுக்கு முந்தைய வியாழக்கிழமை அது பயமானது. காலையில் ஆர்மானின் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது, ஆனால் அவர் இறங்கவில்லை. நான் வெளியே போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் இரண்டு கைகளும் இருக்க, வெறுமனே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆலீன் வீட்டுத் தபால் பெட்டியை இடிச்சுட்டேன்," என்றார். "அந்தக் குன்று வளைவுல. கண்ணை மூடினது ரெண்டு செகண்டுதான்."

"பெட்டி போனா போகுது."

"பெட்டி இல்ல, ரோசலின். ஏழு மணிக்கு அந்த வளைவுலதான் ஸ்கூல் பஸ் வரும். அது கடந்து போய் மூணு நிமிஷம் ஆகியிருந்துச்சு."

அன்று ஒன்பதரைக்குத் தூங்கப் போனார். பத்தே முக்காலுக்கு நிக்கல் ஊளையிட்டது. சுகாதாரக் காப்பீடு பற்றி என் கருத்தை அறிய இருவர் வந்திருந்தார்கள். தலைக்கு மேல் தரைப்பலகை கிறீச்சிட்டது. அவர் எழுந்துவிட்டார் என்று தெரிந்தது.

மறுநாள் எங்கள் வாசல் பாதை சாலையைத் தொடும் முனையில் காரை நிறுத்தி, போர்வையைச் சுற்றிக்கொண்டு அதிலேயே உட்கார்ந்து காவல் காத்தேன். நான்கு பேரைத் திருப்பி அனுப்பினேன். ஆனால் தேர்தல் நாளில் ஊர் மண்டபத்தில் எங்கள் ஆலயத்துப் பெண்கள் நடத்தும் விற்பனைக்கு இருபத்து நான்கு டூர்ட்டியேர் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். பன்றிக்கறியும் கிராம்பும் மாவுக்குள் வைத்துச் சுடுவதைக் காருக்குள் உட்கார்ந்து செய்ய முடியாது.

காரில் உட்கார்ந்திருந்தபோதுதான் எதிர்வீட்டைக் கவனித்தேன்.

அது எல்வுட் கோல்பியின் வீடு. எழுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். அவர் மனைவி ஹேசல் இறந்து நான்கு வருடம் ஆகப்போகிறது. அவருடைய பாதை விளிம்பு வரை சுத்தமாக வாரப்பட்டிருந்தது. யாரும் வழுக்கி விழாமலிருக்கப் படிகளில் அடுப்புச் சாம்பல் தூவியிருந்தது. எங்கள் தெருவுக்கு வந்த அத்தனை பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், பக்கத்து வீட்டுக்குப் போனார்கள், மூலை வீட்டுக்கும் போனார்கள். அவர் வீட்டுக்கு ஒருவர்கூடப் போகவில்லை. கையிலிருக்கும் ஃபோனைப் பார்ப்பார்கள், அந்த வீட்டை நிமிர்ந்து பார்ப்பார்கள், கடந்து போய்விடுவார்கள். அவர் படியில் இருந்த சாம்பல் கலையவே இல்லை.

ஏன் என்று யோசித்து யோசித்து எனக்குப் பாதி நாள் போய்விட்டது. ஒருவேளை யாரையாவது திட்டி அனுப்பியிருப்பாரா? அவர் திட்டி நான் கேட்டதில்லை. ஓட்டுரிமையே போய்விட்டதா? இருபத்தொரு வயதிலிருந்து ஒரே கட்சியில் பதிந்தவர், எந்தத் தேர்தலையும் விட்டவர் இல்லை. சாப்பிடும்போது ஆர்மானிடம் கேட்டேன். "கொடுத்து வச்சவன்," என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அந்த வித்தை வேண்டும். சனிக்கிழமை காலை ஆர்மான் படுத்ததும் சாலையைக் கடந்து போனேன். அந்தப் படிகளில் ஏறும்போது, ஹேசலின் அடக்கத்துக்குப் பிறகு நான் இங்கே ஏறியதில்லை என்பது உறைத்தது. முப்பதடி அகலச் சாலை, நான்கு வருடம்.

கதவு உடனே திறந்தது. எல்வுட் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு என்னை அடையாளம் கண்டதும் அது கொஞ்சம் இறங்கியது. சமையலறை மேசையில் நான்கு காபிக் கோப்பைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"யாராச்சும் வர்றாங்களா எல்வுட்?" என்றேன்.

"வந்தா இருக்கட்டும்னு."

நான் எங்கள் நிலைமையைச் சொன்னேன். மணி, பலகை, நாய், தபால் பெட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "உங்க வீட்டுக்கு மட்டும் ஒருத்தரும் வர்றதில்லையே. என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க, நானும் பண்றேன்," என்றேன்.

அவர் ஒரு கோப்பையை நிமிர்த்தி எனக்குக் காபி ஊற்றினார்.

"நான் ஒண்ணும் பண்ணலை, ரோசலின். தினமும் பாதை வாரி வைக்கிறேன். ஊர்ல எல்லா வீட்டுக்கும் வர்றாங்க. ஹேசல் போனதுக்கப்புறம் வந்த எந்தத் தேர்தலுக்கும் இங்க வரலை, இந்தத் தடவையும் வரலை. என் ஓட்டு யாருக்கும் வேணாம் போல. கட்சி ஆபீசுக்கு ஃபோன் பண்ணிக் கேக்கலாம்னு நினைச்சேன். அப்புறம், அதையா போய்க் கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

காபி நன்றாக இருந்தது. நான்தான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். முந்தின நாளெல்லாம் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டின் ரகசியத்தைத்தான் பார்த்தேன், வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. மறுநாள் பூசையில் இதைத்தான் முதலில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அன்று பகல் ஒரு மணிக்கு ஒரு கார் எங்கள் பாதையருகே மெதுவானது. நான் மாவுக் கையோடு, வீட்டுச் செருப்போடு, பனியில் ஓடிப்போய் மறித்தேன். இறங்கியவர் அறுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி. டெக்சாஸில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் பெர்நிஸ். எங்கள் ஊர்க் குளிருக்காக ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோட்டுப் போட்டிருந்தார். எல்வுட்டின் கட்சிதான். என் வீட்டு நிலைமையைக் கேட்டதும் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். இவரிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"எதிர்வீட்டுக்கு ஏன் யாருமே போறதில்லை? உங்க பட்டியல்ல அவர் பேர் இல்லையா?"

பெர்நிஸ் ஃபோனைத் தடவிப் பார்த்தார். "இருக்காரே," என்றார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கூர்ந்து பார்த்தார். "குறிப்பு ஒண்ணு இருக்கு. இதை வெளியாளுக்குக் காட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." என் முகத்தைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார். ஃபோனை என் பக்கம் திருப்பினார்.

'இந்த வீட்டில் அம்மாவுக்கு உடம்பு மிகவும் முடியவில்லை. இப்போதுதான் தூங்கியிருக்கிறார். மணி அடிக்காதீர்கள், தட்டாதீர்கள், படியும் ஏறாதீர்கள். நல்ல மனிதர்கள்.'

கீழே நான்கு வருடத்துக்கு முந்தைய ஜனவரித் தேதி. எழுதியவர் பெயருக்குப் பதிலாக இரண்டே எழுத்துகள்.

ஒரு தேர்தலில் எழுதிய குறிப்பு அடுத்த தேர்தலின் பட்டியலுக்கும் அப்படியே போய்விடும் என்று பெர்நிஸ் விளக்கினார். வேறு கட்சியில் பதிந்தவர் வீட்டுக்கு எதிர்ப்பக்கத்தார் எப்படியும் வருவதில்லை; அவருடைய கட்சிக்காரர்களில் இந்த வீட்டைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டுத்தான் தாண்டியிருக்கிறார்கள். நான் ஹேசல் அந்த மார்ச் மாதமே இறந்துவிட்டதைச் சொன்னேன். பெர்நிஸ் கையுறை போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப அவர் நாலு வருஷமா..."

"காபிக் கோப்பையைக் கவுத்து வச்சுட்டு உக்காந்திருக்கார்."

இருவரும் சாலையைக் கடந்தோம். முதல் படியருகே பெர்நிஸ் தயங்கி நின்றார். படியும் ஏறாதீர்கள் என்ற அந்த வரி அவரைப் பிடித்து நிறுத்தியது என்று நினைக்கிறேன். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், ஏறினோம்.

எல்வுட் குறிப்பை நின்றபடி ஒரு தடவை படித்தார். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

"சிவப்புத் தொப்பி போட்டிருந்தா," என்றார். "பேர் ஞாபகம் இல்லை, சொன்னாளோ என்னவோ. நான் கதவைத் திறந்து, உதட்டுல விரலை வச்சேன். ஹேசல் ரெண்டு நாளாத் தூங்காம இருந்து அப்பத்தான் கண் அசந்திருந்தா. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசலை. சத்தம் கேட்கக் கூடாதுன்னு பின்பக்கமாவே ஒவ்வொரு படியா இறங்கிப் போனா. கார் கதவைக்கூட முழுசா சாத்தலை." அவர் ஃபோனை மேசையில் மெதுவாக வைத்தார். "படி ஏறாதீங்கன்னு அவ சொன்னதை நாலு வருஷமா எத்தனை பேர் கேட்டிருக்காங்க பாரேன்."

பெர்நிஸ், இனி அது தேவையில்லை, இப்போதே அழித்துவிடச் சொல்கிறேன் என்றார்.

"வேணாம்," என்றார் எல்வுட். "அது ஹேசலோடது. இருக்கட்டும்."

"அப்படி இருந்தா உங்க வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்களே."

"அதுதான் யோசிக்கிறேன்." அவர் ஜன்னல் வழியாக எங்கள் வீட்டைப் பார்த்தார். மேல்மாடியில் ஆர்மானின் அறைத் திரை மூடியிருந்தது. "ரோசலின், உன் வீட்டுக்கு வர்றவங்களை என்கிட்ட அனுப்பு."

எங்கள் வீட்டுக்கும் அதேபோல் ஒரு குறிப்பு எழுதிவிடுவதாக பெர்நிஸ் சொன்னார். ஆனால் அது அவர்கள் பட்டியலில் மட்டும்தான் வரும், அதுவும் நாளை மறுநாள்தான் எல்லோர் கையிலும் இருக்கும். எதிர்ப்பக்கத்தின் பட்டியலை அவரால் தொட முடியாது.

"எதிர்ப்பக்கத்தை என்கிட்ட விடுங்க," என்றார் எல்வுட். "அவங்களோட வாதாட ஆளில்லாம எத்தனை வருஷமா நாக்கு துருப்பிடிச்சுக் கிடக்குது."

அன்று மாலையே அவர் தன் வீட்டுப் பக்கம் சாலையோரத்தில் இரண்டு கார் நிற்க இடம் வாரி வைத்தார். மறுநாளிலிருந்து கட்டம் போட்ட சிவப்புக் கம்பளி மேல்சட்டையில் ஜன்னலருகே உட்கார்ந்தார். எங்கள் வாசல் முன் கார் மெதுவானால், கதவைத் திறந்து, கத்தாமல், பெரிதாகக் கையை வீசிக் கூப்பிடுவார். திங்கட்கிழமை மதியத்துக்குள் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நான் எண்ணவில்லை, அவர்தான் எண்ணினார். பதினொன்று. அதில் நான்கு பேர் ஒரு பக்கம், ஏழு பேர் மறுபக்கம். ஒருவர் ஓரிகனில் ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவராம். ஒருத்திக்குக் கால்விரல் மரத்துப்போய், அடுப்பருகே உட்கார்த்திக் காலுறையைக் கழற்றச் சொன்னாராம். நான் ஒரு டூர்ட்டியேரை அங்கே அனுப்பிவிட்டேன். ஆலயத்துக்கு இருபத்து மூன்று போதும், கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தத் திங்கள் மாலையிலிருந்து பெரும் பனி என்று வானொலி எச்சரித்திருந்தது. ஆர்மான் காலை எட்டரைக்குப் படுத்தார். ஒன்பது, பத்து, பன்னிரண்டு. நிக்கல் அடுப்பருகே சுருண்டு குறட்டை விட்டது. நான் மாவு உருட்டும் கட்டையைக்கூட மெதுவாகத்தான் வைத்தேன். இரண்டே முக்காலுக்கு அவரே கண் விழித்துக் கீழே வந்தார். தலைமுடி ஒரு பக்கமாகப் படிந்திருந்தது. குழந்தையைப் போல இருந்தார்.

"இன்னைக்கு யாரும் வரலையா?"

"வந்தாங்க. கூட்டமா வந்தாங்க."

"எங்க?"

ஜன்னலைக் காட்டினேன். எல்வுட்டின் சமையலறையில் விளக்கு எரிந்தது. இரண்டு கட்சிகளின் வட்டச் சின்னங்களைச் சட்டையில் குத்திய இருவர் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க, நடுவில் எல்வுட் கரண்டியை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மூவரும் சிரித்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். ஆர்மான் காலுறைக் காலோடு அங்கேயே வெகுநேரம் நின்று கேட்டார். ஹேசலின் குறிப்பைச் சொன்னபோது மூக்கை உறிஞ்சினார். பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். நான் வழக்கம்போல ஜெபமாலையை எடுத்தேன். அன்று இன்னும் இரண்டு பேருக்காகச் சேர்த்துச் செபித்தேன். ஒருவர் பெர்நிஸ். மற்றவருடைய பெயர் எனக்குத் தெரியாது, சிவப்புத் தொப்பி என்று சொன்னேன். ஆண்டவருக்குப் புரிந்திருக்கும்.

காலையில் முழங்கால் அளவுப் பனி. ஏழு மணிக்கு நான் தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். குன்று வளைவு திரும்பிப் பள்ளிப் பேருந்து வந்தது, விளக்குகளோடு, நிதானமாக. அதற்குச் சற்றுப் பின்னால் ஆர்மானின் லாரி.

லாரியின் முன்தகடு சாலையின் பனியை ஒதுக்கும்போது அது ஓரமாக மதில் போலக் குவிந்து ஒவ்வொரு வீட்டுப் பாதையையும் அடைத்துவிடும். ஒரு வீட்டுக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்பதால், யாருக்கும் நிறுத்தக் கூடாது என்பது ஊர் விதி. எங்கள் பாதையையும் அவரேதான் அடைத்துவிட்டுப் போவார். நான் திட்டிக்கொண்டே வாருவேன். அன்றும் எங்களுடையதை அடைத்துவிட்டுப் போனார். குன்றின் கீழே லாரியைத் திருப்பிக்கொண்டு மறுபக்கமாக வந்தார். எல்வுட்டின் பாதை முனைக்கு வந்ததும் தகடு மேலே எழும்பியது. லாரி நின்றது. ஆர்மான் இறங்கி, சிதறி விழுந்த மிச்சக் கட்டிகளை மண்வாரியால் எடுத்து ஓரமாகப் போட்டார். படி வரை போய், அங்கே ஏறாமல் திரும்பினார். மறுபடி லாரியில் ஏறியபோது என்னைப் பார்த்து, காட்டிக்கொடுத்துவிடாதே என்பது போல விரலை உதட்டில் வைத்தார்.

சற்று நேரத்தில் எல்வுட் மண்வாரியோடு வெளியே வந்தார். பாதை முனை வரை நடந்து வந்தார். வாருவதற்கு அங்கே ஒன்றுமில்லை. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

பத்து மணிக்கு விற்பனை மேசையை மற்றப் பெண்களிடம் விட்டுவிட்டு நான் ஓட்டுப் போடப் போனேன். யாருக்குப் போட்டேன் என்பதை ஆர்மானிடம்கூடச் சொல்லவில்லை. இந்தத் தடவை ஓர் எண்ணத்தோடுதான் வந்திருந்தேன். ஓரத்து மேசையில் அந்த அட்டையில் கையெழுத்திடாமல் போய்விடுவது. சீட்டு வாங்கிய கட்சியிலேயே இருந்துவிட்டால் அடுத்த முறை பாதிப் பேர்தான் வருவார்கள். பேனா கையில் இருந்தது. யோசித்துக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து எல்வுட்டின் குரல் கேட்டது. சட்டையில் 'ஓட்டுப் போட்டேன்' என்ற வட்டத்தாளை ஏற்கனவே ஒட்டியிருந்தார்.

"அதுல கையெழுத்துப் போடு ரோசலின்," என்றார். "நீ ஒரு கட்சியில சேந்துட்டா என் வீட்டுக்கு வர்றவங்க பாதியாயிடுவாங்க."

போட்டேன்.